அண்ணாந்து குடிக்கிற வீடு

கேதீஸ்வரிக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை வேகமாக ஓடும். படுக்கை விரிப்பைச் சுண்டி இழுத்து மடிப்பாள். வாளியைக் கழுவி நிலத்தில் இடித்துக் கவிழ்ப்பாள். செய்கிற வேலையில் ஒரு குறையும் இராது, சத்தம்தான் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். கூட வேலை செய்தவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே, இன்றைக்கு யாரோ அவளிடம் ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று கண்டுகொள்வார்கள்.

புத்தூரில் பிறந்தவள். தாயும் தகப்பனும் பிறத்தியாருடைய வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள். தோட்டக்காரருடைய கிணற்றில் அவர்கள் வாளி போடக் கூடாது. யாராவது இரங்கி அள்ளி ஊற்றினால் குனிந்து கையேந்திக் குடிக்கலாம். கேதீஸ்வரியும் சின்ன வயதில் அப்படிக் குடித்தவள்தான். முழங்கை வழியே தண்ணீர் வழிந்து சட்டை நனைந்துவிடும். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, ஊருக்குத் திரும்பிய கையோடு தாய் பாரிசவாதத்தில் விழுந்தாள். தாயைத் தூக்கி இருத்திக் கழுவித் துடைத்த பழக்கத்தில், அதையே தொழிலாகப் படித்தாள். பராமரிப்பாளர் சான்றிதழோடு சைப்பிரசுக்குப் போய் எட்டு வருடம் ஒரு கிழவியைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது ஒரு ஸ்கூட்டி வாங்கும் வசதியும், தட்டுத் தடுமாறாத ஆங்கிலமும் இருந்தன. கலியாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று கேட்டவர்களிடம், "நேரம் கிடைக்கேல்லை" என்று சொல்லுவாள்.

சைப்பிரசில் அவளுக்குச் சமையலறை மூலையில் தனிக் கோப்பை, தனிக் கரண்டி. அதற்காக அவள் பெரிதாகக் கோபித்ததில்லை. வேலைக்காரி என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள், வேலைக்காரியாகவே வைத்திருந்தார்கள். ஊரில் அப்படியில்லை. "வா பிள்ளை, இரு பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே அதைச் செய்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு ஆகாது.

புத்தூரில் நோயாளரை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற ஒரு நிலையம் இருந்தது. ஓய்வுபெற்ற அதிபர் சிவசுப்பிரமணியம் அதை நடத்தினார். கேதீஸ்வரி அதில் சேர்ந்து சில வருடங்கள் ஆனபோது, வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒரு நிபுணரை அனுப்பச் சம்மதித்தது. பேச்சும் விழுங்கலும் கெட்டுப்போனவர்களுக்குச் சிகிச்சை செய்கிறவர். சிவசுப்பிரமணியம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

"வெளிநாட்டு மிஸ் ஒராள் வாறா. நல்ல வீடு ஒண்டு பாக்கவேணும்."

நீர்வேலியில் பஞ்சலிங்கத்தாரின் மனைவி இரத்தினம்மா உடனே தன் மேல்வீட்டைத் தருவதாகச் சொன்னாள். பஞ்சலிங்கத்தார் பெரிய வாழைத் தோட்டக்காரர். கனடாவிலிருக்கும் மகன் ஜெயசுதன் விடுமுறைக்கு வந்து நிற்பதற்காகக் கட்டின மேல்வீடு அது. மிஸ்சுக்காக யன்னல்களுக்கு வெள்ளைத் திரைச்சீலை தைத்துப் போட்டாள் இரத்தினம்மா. வெள்ளைக்காரிக்கு உறைப்பு ஆகாதே என்று கவலைப்பட்டாள்.

கேற்றடியில் வந்து நின்ற வானிலிருந்து கேதீஸ்வரியோடு கிரேஸ் அச்சியெங் இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம், நல்ல கறுப்பு, தலைமயிரை இறுக்கிச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னியிருந்தாள். கென்யாவில் கிசுமு என்கிற ஏரிக்கரைப் பட்டினத்துக்காரி. கேற்றைத் திறந்த இரத்தினம்மா அவளைத் தாண்டி வானுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மிஸ் இன்னும் இறங்கேல்லையோ?"

"இவதான் மிஸ்," என்றாள் கேதீஸ்வரி.

"இவவோ?"

"ஓம். இவதான்."

இரத்தினம்மா கேற்றை விட்ட கையை மறுபடி கேற்றில் வைத்தாள்.

"ஐயோ பிள்ளை, இப்பதான் மகன் கனடாவிலையிருந்து கோல் எடுத்தவன். பள்ளிக்கூட லீவுக்குக் குடும்பத்தோடை வாறானாம். மேல்வீடு இனித் தரேலாது."

பள்ளிக்கூட லீவுக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. "என்ன சொல்கிறா?" என்று கிரேஸ் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மகன் குடும்பம் வருகிறதாம். மன்னித்துக்கொள்ளச் சொல்கிறா."

இரத்தினம்மா மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேதீஸ்வரி சேர்த்துச் சொன்னது அது. அன்றைக்குத் தொடங்கியது அந்தப் பழக்கம்.

கடைசியில் அரியாலையில், கடலேரியில் மீன் பிடிக்கிற சிமியோன் என்பவர் தன் வீட்டுப் பின்னறையைக் கொடுத்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"உங்கடை ஏரியிலை என்ன மீன், மிஸ்?"

கிரேஸ் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள். சிமியோன் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "இவவும் மீன்காரர் மாதிரித்தான் கதைக்கிறா" என்றார்.

கிரேஸ் கெட்டிக்காரி, வேலையில் கறார். கரண்ட் போனாலும், நுளம்பு பிடுங்கினாலும், பங்குனி வெயிலில் ஸ்கூட்டிப் பின்சீற்றில் இருந்து போனாலும் முணுமுணுக்க மாட்டாள். "எங்கள் ஊரும் இப்படித்தான்" என்பாள். அவளைக் களைக்கச் செய்தது வேறு. பஸ்சில் அவளுக்குப் பக்கத்து சீற் கடைசிவரை வெறுமையாகவே வரும். சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்தால் யாராவது ஏதாவது சொல்லுவார்கள், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். கிரேஸ் கேதீஸ்வரியைப் பார்ப்பாள். "எந்த நாடு என்று கேட்கிறார்கள்" என்பாள் கேதீஸ்வரி. மொழிபெயர்ப்பு என்ற பெயரில் அவள் செய்ததெல்லாம் வடிகட்டல். கசடு முழுவதும் அவளுக்குள்ளேயே தங்கிப்போனது.

அடுத்த வருடம் பஞ்சலிங்கத்தார் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டு நின்றபோது ஒரு பக்கம் இழுத்து விழுந்தார். ஆசுப்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். ஆனால் விழுங்கல் சரியில்லை. குடிக்கிற தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் சுவாசப்பைக்குள் போய், வீடு வந்த ஒரு கிழமைக்குள் சளிக்காய்ச்சல் கண்டு திரும்ப வார்ட்டுக்குப் போனார். இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்கமாட்டார் என்று டொக்டர் நேரே சொல்லிவிட்டார். விழுங்கப் பழக்குகிறவர் ஒருவரைப் பிடியுங்கள் என்றும் சொன்னார். அந்தப் பக்கத்தில் அந்த வேலை தெரிந்து, வீட்டுக்கு வரக்கூடியவள் ஒருத்தியே.

சிவசுப்பிரமணியத்துக்கு இரத்தினம்மா கோல் எடுத்தாள். செய்தி கேட்டதும் கேதீஸ்வரி கையிலிருந்த துவாய்களைப் படபடவென்று அடுக்கினாள்.

"நான் போகேலாது, சேர். வேறை ஆரையும் அனுப்புங்கோ."

"மிஸ்சுக்கு ஆர் பிள்ளை மொழிபெயர்க்கிறது? நானோ?"

"நீங்கள் போங்கோவன். உங்களுக்கு நல்ல பேணியிலை தேத்தண்ணியும் கிடைக்கும்."

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். கிரேஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நோயாளி விழுங்குவாரா, மாட்டாரா? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும்," என்றாள். "வாருங்கள்."

கேதீஸ்வரி போனாள். அவளுக்கு அந்தக் கிழவர் மேல் இரக்கமில்லை. ஆனால் தண்ணீர் சுவாசப்பையில் போய்ச் செத்தவர்களைப் பார்த்திருக்கிறாள். அது யாருக்கும் வரக் கூடாத சாவு.

அந்த வீட்டில் யாரும் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்பதில்லை. தண்ணீர், தேநீர், மோர் எதுவானாலும் மூக்குப்பேணி என்கிற மூக்கு வைத்த குவளையை உயரத் தூக்கி, அண்ணாந்து, பேணியின் மூக்கு வழியாகத் தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வார்கள். பேணியில் எச்சில் படக் கூடாது, ஒருவர் வாய்பட்டதை இன்னொருவர் தொடக் கூடாது. பஞ்சலிங்கத்தார் எழுபது வருடமாக அப்படிக் குடித்தவர். இப்போது அவருக்குக் கை தூக்க ஏலாது. அதனால் இரத்தினம்மா அவருடைய தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து ஊற்றினாள். அவர் திக்குமுக்காடி இருமினார், கண் பிதுங்கியது. "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் திரும்பவும் ஊற்றினாள்.

கிரேஸ் இரண்டு எட்டில் போய்ப் பேணியைப் பிடித்துவிட்டாள்.

"தலை பின்னால் போனால் சுவாசக் குழாய் திறந்து கிடக்கும். இவ தண்ணீரை நேரே அதற்குள் ஊற்றுகிறா. நிறுத்தச் சொல்லுங்கள்."

கேதீஸ்வரி தமிழில் சொன்னாள். நிமிர்ந்து இருத்த வேண்டும், தலையைக் குனிந்து நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்த வேண்டும், கோப்பையை உதட்டில் வைத்துக் கொஞ்சமாக உறிஞ்சி விழுங்க வேண்டும். விழுங்கினபின் 'ஆ' என்று சொல்ல வேண்டும். குரல் சளசளவென்று ஈரமாகக் கேட்டால் தண்ணீர் இன்னும் தொண்டையில் நிற்கிறது என்று அர்த்தம். பஞ்சலிங்கத்தார் முழுவதையும் கேட்டார். கோணின வாயால் ஒரு சொல் சொன்னார்.

"எச்சில்."

"எங்கடை வீட்டிலை ஒருத்தரும் வாய் வைச்சுக் குடிக்கிறேல்லைப் பிள்ளை," என்றாள் இரத்தினம்மா. "அவர் சாமி அறையிலை தீர்த்தமும் அப்பிடித்தான். இந்த வயதிலை மாத்தச் சொன்னால் மாத்துவாரோ?"

"என்ன சொல்கிறார்கள்?"

"பழக்கம் வேறையாம். கொஞ்சம் நாள் எடுக்குமாம்."

பிறகு விறாந்தையில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருக்கச் சொன்னாள் இரத்தினம்மா. கேதீஸ்வரியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நீ எவடம் பிள்ளை?"

"புத்தூர்."

"புத்தூரிலை எவடம்?"

கேதீஸ்வரி இடத்தைச் சொன்னாள். யாழ்ப்பாணத்தில் சாதியைக் கேட்க இந்த இரண்டாவது கேள்வி போதும். "ஆ, ஆ," என்று தலையாட்டிக்கொண்டு உள்ளே போன இரத்தினம்மா, தேநீரோடு வந்தாள். குடித்துவிட்டு எறிகிற மெல்லிய பிளாஸ்ரிக் கப் இரண்டு. கொதிக்கிற தேநீரில் கப் நெளிந்தது, விரல் சுட்டது. குடித்து முடித்ததும் ஒரு தடியால் கப்புகளைத் தள்ளிக் குப்பை வாளியில் விழுத்தினாள்.

"பரவாயில்லையே," என்றாள் கிரேஸ், ஸ்கூட்டியில் ஏறும்போது. "சுகாதாரத்தில் கவனமான வீடு."

கேதீஸ்வரி ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பினாள். இவளுக்குக் கண் இல்லையா? படித்தவள்தானே? வீதியில் பள்ளம் ஒன்றையும் அவள் விலக்கவில்லை.

ஒன்றுவிட்ட ஒரு நாள் போனார்கள். கிரேஸ் தமிழில் இரண்டு சொல் படித்துக்கொண்டாள். "நாடி கீழை, ஐயா. நாடி கீழை." கிழவர் நாடியைத் தாழ்த்துவார், பேணி உதட்டருகே வந்ததும் வாயை இறுக்கிக்கொள்வார். அவர்கள் கேற்றைத் தாண்டியதும் இரத்தினம்மா பழையபடி அண்ணாத்தி ஊற்றுவாள். அடுத்த தரம் போகும்போது நெஞ்சு கரகரவென்று கேட்கும். ஒவ்வொரு முறையும் விறாந்தையில் பிளாஸ்ரிக் கப் வரும், ஒவ்வொரு முறையும் கிரேஸ் "நன்றி, அம்மா" என்று தமிழில் சொல்லுவாள். அந்த நன்றி கேதீஸ்வரிக்குப் பல்லில் மண் கடிபட்ட மாதிரி இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கிழவருக்கு இலேசாகக் காய்ச்சல் காய்ந்தது. மூச்சு வாங்கியது. கிரேஸ் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"இனி விளையாட நேரமில்லை. அவருக்குச் செய்து காட்டுகிறேன்," என்றாள்.

மேசையில் இருந்த அவருடைய மூக்குப்பேணியை எடுத்தாள். அவர் கண்ணுக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, நாடியைத் தாழ்த்தி, பேணியின் விளிம்பில் உதட்டை வைத்து, ஒரு மிடறு உறிஞ்சி விழுங்கினாள். "ஆ," என்றாள். பிறகு பேணியை அவரிடம் நீட்டினாள்.

இரத்தினம்மா கத்திய கத்தலில் பின்வளவில் வாழைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஐயையோ! என்ரை மாமியார் தந்த பேணி! அந்தக் காப்பிலி வாயை வைச்சிட்டாளே! இனி அதை என்ன செய்யிறது? புளி போட்டுத் தேய்ச்சாலும் போகுமே? எடியே, உனக்குத் தெரியாதோ, நீயெண்டாலும் சொல்லியிருக்கலாம்தானே? உன்னைச் சொல்லி என்ன, நீயும் ஆரெண்டு எனக்குத் தெரியாதே!"

கிரேஸ் பேணியை இன்னும் நீட்டியபடியே இருந்தாள்.

"என்ன சொன்னா, கேதி?"

வழக்கமான வசனம் நாக்கு நுனியில் இருந்தது. பழைய பாத்திரம், பரம்பரைச் சொத்து, கவனமாகப் பிடிக்கச் சொல்கிறா. கேதீஸ்வரி வாயைத் திறந்தாள். அந்த வசனம் வரவில்லை. இரத்தினம்மா சொன்னதைத் தொடக்கத்திலிருந்து ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். 'காப்பிலி' என்பது கறுப்பு ஆபிரிக்கரை இழிவாகச் சொல்கிற சொல் என்பதையும் சொன்னாள். தன்னை யாரென்று தெரியாதா என்றது தன் சாதியை என்றும் சொன்னாள். விறாந்தையில் வருகிற பிளாஸ்ரிக் கப் எதற்கு என்பதையும், மேல்வீடு ஏன் கிடைக்கவில்லை என்பதையும், கேட்காமலே சேர்த்துச் சொன்னாள். அவள் குரல் உயரவில்லை. கை மட்டும் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

இரத்தினம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது. ஆனால் 'பிளாஸ்ரிக் கப்' என்ற சொல் விளங்கியது. அவள் முகம் மாறியது.

கிரேஸ் பேணியை மேசையில் வைத்தாள்.

"இவவிடம் ஒன்று கேளுங்கள். அப்படியே கேளுங்கள், குறைக்காமல். புருசன் சுத்தமான வாயோடு சாக வேண்டுமா, எச்சில் வாயோடு இருக்க வேண்டுமா?"

கேதீஸ்வரி கேட்டாள். குறைக்கவில்லை. அந்த வீட்டில் முதன்முறையாக 'அம்மா' என்று சேர்க்காமல் கேட்டாள்.

இரத்தினம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை. கிழவர் இருமத் தொடங்கினார்.

கிரேஸ் எழும்பி, விறாந்தைத் தட்டில் அடுக்கியிருந்த பிளாஸ்ரிக் கப்புகளில் ஒன்றை எடுத்தாள்.

"கத்தரிக்கோல்."

கேதீஸ்வரி தமிழில் சொன்னதும் இரத்தினம்மா ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். கிரேஸ் கப்பின் ஒரு பக்க விளிம்பில் பிறை மாதிரி ஒரு துண்டை வெட்டி எடுத்தாள். வெட்டின பக்கம் மூக்குக்கு நேரே வரும். அப்போது கப்பை எவ்வளவு சரித்தாலும் மூக்கில் முட்டாது, தலையைப் பின்னால் சாய்க்கத் தேவையில்லை. இது அவளுடைய படிப்பில் முதல் வருடத்துச் சங்கதி, எங்கேயும் செய்வதுதான்.

"ஒவ்வொரு தடவையும் புதுக் கப். குடித்தபின் எறியலாம்," என்றாள். "யாருடைய எச்சிலும் எதிலும் இராது. சொல்லுங்கள்."

"எறியிற கப்போ?" இரத்தினம்மா கணவரைப் பார்த்தாள். "அப்ப பிழையில்லைத்தானேப்பா?"

பஞ்சலிங்கத்தார் யோசித்தார். வாய் திறந்தார். கிரேஸ் அவருடைய நாடியைப் பிடித்துத் தாழ்த்தினாள், கேதீஸ்வரி முதுகுக்குப் பின்னால் தலையணையைக் கொடுத்துக் கப்பை உதட்டில் வைத்தாள். ஒரு சின்ன மிடறு. தொண்டை மணி மேலே ஏறி இறங்கியது. மூவரும் காத்திருந்தார்கள்.

"ஆ," என்றார் கிழவர். குரல் காய்ந்திருந்தது. சளசளப்பு இல்லை.

இன்னொரு மிடறு. இன்னொன்று. இருமல் வரவில்லை.

"என்ரை பிள்ளையாரே," என்றாள் இரத்தினம்மா. சந்தோசத்தில் அவளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. உள்ளே ஓடித் தேநீர் ஊற்றி இரண்டு பிளாஸ்ரிக் கப்பில் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தாள்.

கேதீஸ்வரி அதைப் பார்த்தாள். "வேண்டாம்," என்றாள். கிரேஸும் "வேண்டாம், அம்மா" என்றாள்.

வாழைத் தோட்டம் முடிகிற இடத்தில் கேதீஸ்வரி ஸ்கூட்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"இனி நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன். எங்களை எட்டி வைக்க வாங்கின கப்பாலேயே நீங்கள் அவரைப் பிழைக்க வைத்துவிட்டீர்கள். அந்த மனிசிக்கு ஒரு சொட்டு வெட்கம் வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டது நீங்கள்!"

கிரேஸ் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். "முதல் நாளே எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"கப் எதற்கென்று. கிசுமுவில் என் அம்மா ஒரு இந்தியக் கடைக்காரர் வீட்டில் உடுப்புத் தோய்த்தவ. வெளிக்குழாயடியில் அம்மாவுக்கென்று ஒரு தகரக் குவளை தொங்கும். எனக்குத் தெரியாமல் போகுமா?"

"அப்ப ஏன் சுத்தமான வீடு, சுகாதாரமான வீடு என்று சொன்னீர்கள்?"

"நீங்கள் மறைத்தீர்கள். உங்களுக்கு வெட்கமாக இருக்கிறதென்று நினைத்தேன். தெரியாத மாதிரி இருந்தால் உங்களுக்கு லேசாக இருக்கும் என்று..."

"எனக்கு லேசாக இருக்க வைக்க உங்களை யார் கேட்டது?" கேதீஸ்வரியின் குரல் கிழிந்தது. "இவ்வளவு நாளும் உங்களுக்காக நான் விழுங்கினேன். எனக்காக நீங்கள் விழுங்கியிருக்கிறீர்கள். ஆகமொத்தம் அந்தக் கிழவனைத் தவிர எல்லோரும் நல்லாய்த்தான் விழுங்கியிருக்கிறோம்!"

கிரேஸுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டது கேதீஸ்வரிக்குத் தெரிந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நாளைக்கு அவர்களிடம் சொல்லுவோம். பேணியில் தந்தால்தான் வருவோம் என்று."

"இல்லை," என்றாள் கிரேஸ் சட்டென்று. "நோயாளியை வைத்துப் பேரம் பேச மாட்டேன். அவர் விழுங்கப் பழகும்வரை போவேன். நீங்கள் வராவிட்டால் கையாலும் காலாலும் கதைத்துக்கொள்வேன்."

கேதீஸ்வரி ஸ்கூட்டியைக் கிளப்பினாள். புத்தூர் வரை வேகம் குறைக்கவில்லை. ஆனால் கிரேஸ் சொன்னது சரியென்று அவளுக்குத் தெரியும். சான்றிதழில் அவளும் அதற்குத்தான் கையெழுத்து வைத்திருந்தாள். சரியாக இருந்தபடியால் கோபம் போக வழி இல்லாமல் உள்ளேயே சுற்றியது.

அவள் தொடர்ந்து போனாள். ஆனால் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் வாயில் வைக்கவில்லை, கிரேஸும் வைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி வேண்டாம் என்று எழும்பிப் போவது கன்னத்தில் அடித்ததற்குச் சமம். முதல் நாள் இரத்தினம்மா, "வெயிலுக்கு விருப்பமில்லைப் போலை" என்று சொல்லிச் சமாளித்தாள். பிறகு சோடா உடைத்துப் பார்த்தாள். பிறகு கதலி வாழைப்பழம் சீப்போடு கொண்டுவந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

"வேண்டாம் அம்மா. நாங்கள் வேலைக்கு வந்தனாங்கள்."

பக்கத்து வீட்டு அருமைநாயகி மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் குரல் கொடுத்தாள்.

"என்ன இரத்தினமக்கா, உங்கடை மிஸ்மார் வாய் நனைக்காமல் போகினம்? நோன்போ?"

"அவைக்கு நேரமில்லை, பிள்ளை."

"கிழமைக்கணக்காயோ?"

அன்றைக்கு இரத்தினம்மா கேதீஸ்வரியை மறித்தாள்.

"என்ன உனக்கு என்னோடை கோவம்? நான் அண்டைக்கு அந்தரத்திலை ஏதோ கத்திப்போட்டன். ஊர் சிரிக்குது. ஒரு வாய் குடிச்சிட்டுப் போனால் என்ன குறைஞ்சு போகும்?"

"நீங்கள் குடிக்கிற பேணியிலை தாங்கோ. குடிக்கிறம்."

இரத்தினம்மா உள்ளே போய்விட்டாள்.

இதற்கிடையில் பஞ்சலிங்கத்தார் தேறினார். காய்ச்சல் விட்டது, நெஞ்சுக் கரகரப்பு விட்டது. வெட்டின கப்பில் கஞ்சி குடித்தார், குழைத்த சோறு விழுங்கினார். பேச்சும் திருந்தியது. கனடாவிலிருந்து வீடியோக் கோலில் வந்த ஜெயசுதனின், "அப்பாவை ஆர் பாக்கிறது?" என்ற கேள்விக்கு, "நிலையத்திலையிருந்து ஆக்கள் வருகினம்" என்றாள் இரத்தினம்மா. ஃபோனை அவர்கள் பக்கம் திருப்பவில்லை. கேதீஸ்வரி கிழவரின் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள். துவாயை உதறிய உதறலில் ஃபோனுக்குள்ளிருந்த ஜெயசுதனே, "என்ன சத்தம்?" என்று கேட்டான்.

கடைசி நாள் வந்தது. கிரேஸ் ஒரு சாதாரணக் கோப்பையைக் கொடுத்தாள். பஞ்சலிங்கத்தார் தானே நிமிர்ந்து இருந்து, தானே நாடியைத் தாழ்த்தி, சுகமான கையால் கோப்பையைப் பிடித்து முழுவதையும் குடித்தார். 'ஆ' என்று யாரும் கேட்காமலே சொன்னார். இனி வரத் தேவையில்லை என்றாள் கிரேஸ்.

இரத்தினம்மா தட்டோடு விறாந்தைக்கு வந்தாள். தட்டில் இரண்டு எவர்சில்வர் பேணி, நிறையத் தேநீர். முகம் மலர்ந்திருந்தது. அருமைநாயகிக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"இண்டைக்கு மறுக்கக் கூடாது. நீ கேட்டபடி பேணியிலைதான் தந்திருக்கிறன். குடியுங்கோ."

கிரேஸ் கேதீஸ்வரியைப் பார்த்தாள். 'நீங்கள் சொல்லுங்கள்' என்கிற பார்வை. கேதீஸ்வரி ஒரு பேணியை எடுத்தாள். புத்தம் புதுசு. அடியில் கடைக்காரன் ஒட்டின விலைச்சீட்டு இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது. திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அந்த வீட்டுப் பேணிகள் எல்லாம் உள்ளே தட்டில் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. விறாந்தை மூலையில், வெளிக்குழாயடிச் சுவரில், இரண்டு புது ஆணி அடித்திருந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. இரத்தினம்மா அவர்களுக்கென்று தனிப் பேணி வாங்கியிருக்கிறாள். வெளியே தொங்கவிட இடமும் பார்த்துவிட்டாள். இவ்வளவு செய்ததற்குப் பிறகு தனக்கு நல்ல மனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கேதீஸ்வரி விலைச்சீட்டைக் கிரேஸுக்குக் காட்டினாள், ஆணியையும் காட்டினாள். ஆங்கிலத்தில் விளக்கம் தேவைப்படவில்லை. "குடியுங்கள், மிஸ்," என்றாள். இருவரும் விளிம்பில் வாய் வைத்து, அவசரப்படாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள். தேநீர் நன்றாக இருந்தது.

பிறகு கேதீஸ்வரி குழாயடிக்குப் போய் இரண்டு பேணியையும் கழுவினாள். துவாயால் துடைத்தாள். பையைத் திறந்து உள்ளே வைத்தாள்.

"எடி, என்ன செய்யிறாய்?" இரத்தினம்மா எழும்பிவிட்டாள்.

"எங்களுக்கெண்டு வாங்கினதுதானே அம்மா?"

"ஓம், ஆனால்..."

"நாங்கள் குடிச்ச பேணியிலை இந்த வீட்டிலை இனி ஆர் குடிக்கப் போகினம்? நீங்கள் குடிப்பியளோ?"

இரத்தினம்மா மதில் பக்கம் பார்த்தாள். மதிலுக்கு மேலே அருமைநாயகியின் தலை அசையாமல் இருந்தது.

"அப்ப எங்கடை சாமானை நாங்கள் கொண்டுபோறம். உங்களுக்கு வெளியிலை தொங்கவிடுற கரைச்சலும் இல்லை. ஆணியைக் கழற்றிப்போடுங்கோ, ஆரின்ரையோ சட்டை கிழியும்."

விறாந்தையை ஒட்டின அறைக் கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. பஞ்சலிங்கத்தார் சிரித்தார். கோணல் வாயால், தோள் குலுங்க, மனைவியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். இந்த வீட்டில் எழுபது வருடம் அண்ணாந்து குடித்த மனிசனுக்கு இதெல்லாம் பகிடி. அவர் ஒரு நாளாவது ஒரு சொல் சொல்லியிருந்தால் பேணியும் கப்பும் இவ்வளவு தூரம் வந்திருக்காது. கேதீஸ்வரி பையைச் சுண்டித் தூக்கினாள்.

சிரிப்பின் நடுவில் அவருக்குப் புரைக்கேறியது. அந்தக் கணமே இரண்டு பெண்களும் பையைப் போட்டுவிட்டுக் கட்டிலடியில் நின்றார்கள். கிரேஸின் கை அவருடைய முதுகில், கேதீஸ்வரியின் கை அவருடைய நாடியில்.

"நாடி கீழை," என்றாள் கேதீஸ்வரி. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். "விழுங்குங்கோ. இப்ப சொல்லுங்கோ."

"ஆ," என்றார்.

குரல் காய்ந்திருந்தது. அவள் கையை எடுத்து, துவாயில் துடைத்து, பையின் சிப்பை இழுத்து மூடினாள்.